மூடாத மைக்

ஆரணி, அரசு ஆஸ்பத்திரி
20-2-1987

சகுந்தலா அக்காவுக்கு,

1987 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி 42 நிமிஷம். நம் ஹாம் ரேடியோ அலைவரிசையில் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். அதில் பதினொரு பேர் வீட்டில் டேப்ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கில் தப்பிருந்தால் திருத்துங்கள்.

தாடை உடைந்துவிட்டது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சியைக் குழாய் வைத்து உறிஞ்சுகிறேன். பேச்சு வராது. அதனால்தான் கடிதம். போலீஸுக்கும் எழுதித்தான் தரவேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன், அதற்கு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அனுப்பும் முறை என்னுடையது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வரவைக்கும் நம் திட்டத்தில் என் பங்குக்கு வந்த க வரிசை, ச வரிசை, புள்ளி புள்ளியாகப் போட்டு முடித்து, கம்ப்யூட்டரிலிருந்து கேசட்டில் சத்தமாக ஏற்றி வைத்திருந்தேன். மைக்கை டேப்ரெக்கார்டர் வாய்க்கு எதிரே நிறுத்தி, பட்டன் எழாமல் இருக்கச் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரை மாட்டிவிட்டேன். நாம் எல்லாரும் செய்வதுதான். கீச்சென்று சத்தம் ஆரம்பித்தது. அம்மா புளி உலுக்கப் போயிருந்தது. ஊரில் பாதிப் பேர் புளியந்தோப்பில்.

நாலு பேர் வந்தார்கள். முன்னால் சேட்டு. கண்ணமங்கலத்து ஆள். எங்கள் மலையில் சந்தனக்கட்டை வெட்டுகிறவன் எல்லாம் அவனிடம்தான் கூலி. பின்னால் வந்தது சடையன், என் தாய்மாமன் மகன். மற்ற இரண்டு பேரை எனக்குத் தெரியாது.

"இன்னாடா சொல்ற மேல? எந்த ஆபீசரு கேக்கறான்?" என்றான் சேட்டு.

இது கம்ப்யூட்டர் சத்தம் என்றேன். எவனுக்குப் புரியும்? மூன்று மாசமாக ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கீச்சுச் சத்தம். மூன்று மாசமாகத் திங்கட்கிழமை அமிர்தியிலிருந்து ஃபாரஸ்ட் ஜீப் மேலே ஏறுகிறது. திங்கட்கிழமை சந்தை, ஜீப் காய்கறிக்கு வருகிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டு தடவை கட்டை மாட்டிக்கொண்டது. சேட்டு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டான். அந்தக் கீச்சுச் சத்தத்துக்குள் கா கி கீதான் இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

முதல் அடி கோடாலிக் காம்பால். தாடையில். எலும்பு உடையும் சத்தம் காதுக்கு உள்பக்கமாகக் கேட்டது. இரண்டாவது டேப்ரெக்கார்டருக்கு. கீச்சு நின்றது. மைக் மேசைக்கு அடியில் விழுந்தது, ரப்பர் கழலவில்லை. அது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. விழுந்த என் விலாவில் இரண்டு பேர் மிதித்தார்கள். எழுந்தேன். சடையன் பின்னாலிருந்து என்னை இரண்டு கையோடும் சேர்த்துப் பிடித்தான், சேட்டு வாகாக அடிக்க. ஏரியல் கம்பத்துக்கு வெட்டிய மிச்சம், மூன்றடி இரும்புப் பைப், சுவரோரம் கிடந்தது. திமிறிக்கொண்டு அதை எடுத்தேன். சடையனை அடித்தேன். சேட்டு ஓடுகிற ஓட்டத்தில் பேட்டரியை உதைத்துக் கவிழ்த்தான். அதோடு ஒலிபரப்பும் நின்றது.

இப்போது விஷயம். சடையன் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். சேட்டு அன்றைக்குத் தான் திருப்பதியில் இருந்ததாக நாலு சாட்சி வைத்திருக்கிறான். அவன் என் வீட்டுக்குள் இருந்ததற்கு ஒரே ஆதாரம் உங்கள் கேசட். நான் பைப்பை எடுத்ததும் சடையன் "சேட்டண்ணா!" என்று கத்துவது அதில் இருக்கும். அதற்கு அப்புறம் நான் அடித்ததும் இருக்கும்.

அந்த "சேட்டண்ணா" வரைக்கும் இன்னொரு கேசட்டில் பதிவு செய்யுங்கள். மீதி வேண்டாம். பதினொரு பேரும் மீதியை அழித்துவிடட்டும். உங்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. சீக்கிரம்.

தீர்த்தகிரி


வேலூர்
24-2-1987

அன்புள்ள தீர்த்தகிரி,

உங்கள் கணக்கில் தப்பில்லை. பன்னிரண்டு பேர்தான்.

ஐந்து நிமிஷ வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளாக அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அன்றைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நான் காபியை வைத்துக்கொண்டு கேசட் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீச்சு நின்று ஆட்கள் குரல் வந்ததும், அடுப்படியிலிருந்து என் மாமியார், "இன்னா சகுந்தலா, காலையிலேயே நாடகமா?" என்று கேட்டார். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் நீங்கள் கத்தியது. அது நாடகக்காரர்கள் கத்துவது மாதிரி இல்லை. மாடு மாதிரி இருந்தது. மன்னியுங்கள், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாங்கள் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினோம். ஆற்காட்டிலிருந்து மங்கம்மாள் டீச்சர், "விடுங்கடா அவனை! நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினாராம். உங்கள் மைக் திறந்திருக்கும்போது உங்கள் செட்டில் எதுவும் கேட்காது என்பது அவருக்குத் தெரியாதா? நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. இருந்தும் கத்தினார். நானும் கத்தினேன். ஒருவர் மேல் ஒருவர் கத்தி, யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை; பட்டனை விட்டபிறகுதான் உங்கள் அறை மறுபடி கேட்டது. நம் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வந்தது அதுவரை நடந்ததில்லை.

காட்பாடி ரங்கசாமி சார் நாற்பது வருஷம் ரயில்வே தந்தியில் வேலை பார்த்த கை. டெலிபோன் டயலைச் சுற்ற முடியாமல் மூன்று தடவை தப்பாகப் போட்டாராம். நான்காவது தடவைதான் போலீஸ் ஸ்டேஷன் கிடைத்தது. பஞ்சாட்சரம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கண்ணமங்கலத்தில் ரைஸ்மில் வேனை இரவல் வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். உங்களை அவர் பார்த்ததே அன்றைக்குத்தான். இத்தனை நாள் குரல் மட்டும்தான். உங்களையும் அந்தப் பையன் சடையனையும் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்துத்தான் இறக்கினார். வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் சடையன் ஆட்கள் கட்டையோடு நின்றார்கள். அதனால் அவனை அங்கே இறக்கிவிட்டு உங்களை ஆரணிக்குக் கொண்டுபோனார். வேனில் படிந்த ரத்தத்தை மறுநாள் தானே கழுவினாராம். எது யாருடையது என்று தெரியவில்லை என்றார்.

இப்போது கேசட்.

"சடையனை அடித்தேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நான் கேட்டதை எழுதுகிறேன். ஒரு அடி. அந்தப் பையன் விழுகிற சத்தம். ஓடுகிற கால்கள். அதற்குப் பிறகு, அறையில் வேறு யாரும் இல்லாதபோது, "வேணாம் மச்சான்" என்கிறான். மறுபடி அடி. "மச்சான்" என்கிறான். மறுபடி. அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு அடி. பேட்டரி சேட்டு ஓடும்போது கவிழவில்லை, தீர்த்தகிரி. அதை அப்புறம் யார் கவிழ்த்தது என்று எனக்குத் தெரியாது.

வெட்டமாட்டேன். நம் கூட்டத்துக்கு இருப்பது இரண்டே வழக்கம். "இதுகூடத் தெரியாதா" என்று யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் நறுக்கி அனுப்பக்கூடாது, பிழையோடு முழுசாகத்தான் கைமாற வேண்டும், அப்போதுதான் பிழை எங்கே என்று தேட முடியும். புரோகிராமுக்காக வைத்த வழக்கம்தான். ஆனால் எனக்கு வேறு வழக்கம் தெரியாது.

ஆரணி ஒன்றரை மணி நேரம்தான். வந்து பார்க்கலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சகுந்தலா


ஆரணி
27-2-1987

சகுந்தலா அக்கா,

நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம். என் தாடை புரோகிராம் இல்லை, பிழை தேட.

நேற்று முன்தினம் மத்தியானம் எங்கள் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். பட்டப்பகல். கூரை மட்டும் இல்லை. உள்ளே சாமை மூட்டை, கம்ப்யூட்டர், டிவி, செட், என் டிப்ளமோ சர்டிபிகேட், எல்லாம். ஒரு காளையின் பின்னங்கால் நரம்பை அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்துகொண்டிருந்ததாம். அம்மா பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லியிருக்கிறது. வெட்டும்போது கொம்பைப் பிடித்துக்கொண்டதே அம்மாதான்.

அப்புறம் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது. சடையன் அப்பா. கதவைத் திறக்கவில்லை. "உன் புள்ள என் புள்ளய பைப்பால அடிக்கும்போது நீ எங்க இருந்த கெங்கம்மா? அங்கியே போ" என்று உள்ளேயிருந்து சொன்னாராம். தீ வைத்தது யார் என்று வார்டில் யார் கேட்டாலும் அம்மா வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் கம்பி, உனக்கு இன்னா என்று ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன். அதற்குப் படிக்கத் தெரியாது. இப்போது என் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறது.

நான்கு அடி என்று எண்ணினீர்கள். எண்ணுவதற்கு உங்களுக்கு நேரம் இருந்தது. காபி வேறு இருந்தது. நீங்கள் எல்லாம் யார்? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புள்ளி வைக்கிறவர்கள். அந்த அறையில் நான் இருந்தேன். பிடித்தவன் எவன்? சடையன். அந்த ஏரியல் கம்பத்தை நட்டபோது தோள் கொடுத்தவன். உச்சியில் கம்பி கட்டியவன். அவனே பிடித்துக் கொடுக்கிறான். சேட்டு அடித்தது தாடையோடு போச்சு. இவன் பிடித்தது இன்னும் கைச்சந்தில் இருக்கிறது. அவன் வேணாம் மச்சான் என்றபோது எனக்கு இன்னும் ஏறியது. எவன்டா உனக்கு மச்சான் என்றுதான் அடித்தேன். பேட்டரியையும் நான்தான் உதைத்தேன். போதுமா? எழுதிக்கொள்ளுங்கள்.

எரிச்சல் எதனால் தெரியுமா? உங்களை நம்பியதால். காவலூர் வானாய்வுக்கூடத்தில் ஒயரிங் வேலைக்குப் போனபோதுதான் கம்ப்யூட்டர் என்ற ஒன்றையே கண்ணால் பார்த்தேன். அங்கே ஒரு ஆள் விவரம் சொன்னார், பழசு ஒன்றை வாங்கினேன். யாரைக் கேட்டாலும் கையை விரித்தான். வேலூரில் ஒருத்தன் "மலையில எருமைக்குக் கத்துத்தரப் போறியா" என்று கேட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அப்புறம் உங்கள் அலைவரிசை கிடைத்தது. முதல் நாளே நான் கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? "ஒரு மணி நேரமாச் சொல்றேன், லூப் நிக்கல, எவனுக்காவது தெரியுமா தெரியாதா?" என்று. வேறு இடமாக இருந்தால் அதோடு துரத்தியிருப்பான். ரங்கசாமி சார், "நிக்கலைன்னா ஓடட்டும் தம்பி, ஓடும்போதுதான் எங்க இடிக்குதுன்னு தெரியும், வரி வரியாப் படிங்க" என்றார். மூன்று ஞாயிறு எனக்காக உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். இன்ன ஜாதியா என்று கேட்கவில்லை. மழை விழுமா, கேழ்வரகு எப்படி என்று கேட்டார். மங்கம்மாள் டீச்சர் நான் போட்ட ங-வைப் பார்த்து, "இது ங இல்ல, நண்டு" என்றார். பன்னிரண்டு பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து ஒருத்தர் சிரித்து நானும் கூடச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதில் மற்றப் பதினொரு பேர்தான் இப்போது என்னை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள், முழுசாக, பிழையோடு. ரொம்ப சந்தோஷம்.

கேசட் வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை எடுக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை காத்திருக்க மாட்டேன். சேட்டு கண்ணமங்கலம் ரோட்டில் சாயங்காலமானால் பரோட்டாக் கடை பெஞ்சில்தான் உட்காருவான். எனக்கு வாய் தேவையில்லை. கை இருக்கிறது.

இனி எழுத வேண்டாம்.

தீர்த்தகிரி


வேலூர்
5-3-1987

தீர்த்தகிரி,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இத்தனை நாள் நம் கூட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் நீங்கள்தான். இன்று எனக்கு அது வரவில்லை. உனக்குக் கோபமென்றால் எனக்கும் கோபம்.

சடையன் கண் விழித்துவிட்டான். கண் என்று எழுதும்போது கை நிற்கிறது. இடது கண் போய்விட்டது. அந்தப் பக்கக் கன்னம் உள்ளே இறங்கியிருக்கிறது. இடது காலில் உணர்வு வருமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. நான் மூன்று தடவை வார்டுக்குப் போனேன். முதல் இரண்டு தடவை வேறு யாரையோ பார்க்க வந்ததுபோல் நடந்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை நேராகப் போய் அவன் அம்மாவிடம் சொன்னேன், நான் அந்த ரேடியோக்காரர்களில் ஒருத்தி, அன்றைக்கு நடந்தது எங்கள் கேசட்டில் இருக்கிறது என்று.

குப்பம்மா கையில் சூடான கஞ்சி டம்ளர் இருந்தது. அப்படியே என் மேல் வீசினார். நெஞ்சில் கொப்புளம் இருக்கிறது, பெரிதில்லை. "எம்புள்ளைக்குக் கண்ணு போச்சு, உனக்குக் கேசட்டு கீதா? அவன் கத்தறத டேப்புல புடிச்சு வச்சுக்கினு வூட்ல கேக்கறீங்களாடி?" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் கேட்கத்தான் செய்தேன். பலமுறை.

சடையன்தான், "எம்மா, உடு" என்றான். வாய் ஒரு பக்கம்தான் அசைகிறது. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னான். நான் கேட்டேன், ஏன் அவனைப் பிடித்தாய் என்று. அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"சேட்டண்ணன் அன்னிக்கு அவன வெட்டிடும்னு தெரியும்க்கா. வெறும் காம்பு இல்ல, முழுக் கோடாலி அண்ணன் ஜீப்புல இருந்திச்சு, எடுத்தாறச் சொல்லிக் கைய காட்டிச்சு. அதுக்குள்ள இவன இழுத்துக்கினு பின்வாசல்ல ஓடிடலாம்னு புடிச்சேன். அவன் பலசாலி. நான் புடிச்சா நிக்கமாட்டான்."

அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "கீச்சுச் சத்தம் கம்ப்யூட்டர் சத்தம்னு சேட்டண்ணங்கிட்ட நான் முந்தியே சொன்னேன். நம்பல" என்றான்.

இது உண்மையா, எனக்குத் தெரியாது. ஒரு கண்ணோடு கிடக்கிற ஆள், நீ வெளியே வந்தால் மறுபடி அடிப்பாய் என்ற பயத்தில் சொல்லியிருக்கலாம். கேசட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். ஒருவர் ஒருவரைப் பிடித்தது எதற்கு என்று கேசட்டில் இல்லை. அதில் இருப்பது மூச்சும் அடியும்தான். சேட்டு பெயரைப் போலீஸில் சொல்வாயா என்று கேட்டேன். "சொல்லமாட்டேன். எனக்கு அம்மா கீது" என்றான். ஆக, சேட்டு அந்த அறையில் இருந்ததைச் சொல்ல, நீ எழுதியபடி, கேசட்டை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் ஒன்றாம் தேதி ஞாயிறு காலை நாங்கள் கூடினோம். புரோகிராம் எதுவும் அனுப்பவில்லை. சண்டைதான் போட்டோம். பஞ்சாட்சரம் கத்தினார், "அவன் ரத்தத்தை நான் கழுவினேன், அவனைக் காட்டிக் கொடுக்கிறவன் என் முகத்தில் முழிக்கக்கூடாது, கேசட்டை எரி" என்று. மங்கம்மாள் டீச்சர், "அந்த வேன்ல ரெண்டு பேர் ரத்தம் இருந்துச்சு பஞ்சாட்சரம்" என்றார். பஞ்சாட்சரம் செட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, "இன்னா முடிவு?" என்று கேட்டார். ரங்கசாமி சார்தான் சொன்னார், அனுப்பியவன் அவன், அவனிடமே திருப்பிக் கொடுப்போம் என்று. யாரும் எதிர்க்கவில்லை.

எனவே இந்தப் பார்சலில் பதினொரு கேசட்டும் இருக்கின்றன. எங்களிடம் நகல் இல்லை. எல்லாரும் அனுப்பிவிட்டார்கள், பஞ்சாட்சரமும்தான். நெருப்பில் போடு, அல்லது முழுசாகக் கொடு. நறுக்கி மட்டும் கொடுக்காதே. போலீஸ் என்னிடம் வந்து கேட்டால் நான் கேட்டதை உள்ளபடி சொல்வேன். அதை முன்கூட்டியே உனக்குத் தெரிவிக்கிறேன்.

பரோட்டாக் கடை பெஞ்சைப் பற்றி எழுதியிருந்தாய். போய் அவனை அடித்துக் கொல்ல உன்னால் முடியும். நான் கேட்டிருக்கிறேனே, உன்னால் முடியும். போகாதே.

எதுவானாலும் எங்களில் யாரும் உன்னை விட்டுப் போகமாட்டோம். இதைச் சொல்ல எனக்கு அனுமதி தேவைப்படவில்லை. எல்லாருமே அவரவர் சீட்டில் இதைத்தான் எழுதிக் கேசட்டோடு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் படிக்கவில்லை, பஞ்சாட்சரம் ஒட்டாமல் அனுப்பியதை மட்டும் படித்துவிட்டேன். அதில் கெட்ட வார்த்தையும் இருக்கிறது, பார்த்துக்கொள்.

சகுந்தலா


ஆரணி
10-3-1987

அக்கா,

பார்சல் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் பாட்டு கேட்க டேப்ரெக்கார்டர் வைத்திருக்கிறார். வாங்கிப் போட்டேன். வார்டில் எல்லாரும் கேட்டார்கள். நர்ஸ் வந்து நிறுத்தச் சொன்னாள். கடைசி வரை போட்டுவிட்டுத்தான் நிறுத்தினேன். அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்தபடியே கேட்டது. முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டது. சாயங்காலம்தான் வந்தது. வந்து, "எங்கண்ணன் தீ வச்சது சரிதான்" என்றது. அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் கஞ்சி கரைத்துக் கொடுத்தது.

நேற்று பார்வையாளர் நேரத்தில் சேட்டு வந்தான். நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனே வந்தான். ஒரு டஜன் சாத்துக்குடியோடு. தாடையில் கம்பி கட்டியவனுக்குச் சாத்துக்குடி. கட்டிலில் உட்கார்ந்தான்.

"இன்னா தம்பி, ஒடம்பு தேவலயா? நடந்தது நடந்துபோச்சு. எவனோ நாலு பேரு வந்தான், மூஞ்சி தெரியல. சடையன மட்டும் தெரியும். அவன்தான் மொதல்ல உன்ன அடிச்சான், நீ தடுத்த. இப்டி எழுதிக் குடு. உம்மேல கேசு வராது. வூடு நான் கட்டித் தர்றேன். அவனுக்கு ஒரு கண்ணு போச்சு, அவன் கோர்ட்டுல வந்து இன்னா பேசப்போறான்?"

ஸ்லேட்டை எடுத்து ஒரு வார்த்தை எழுதிக் காட்டினேன். அவனுக்கும் படிக்கத் தெரியாது. சிரித்தான். "இன்னா எழுதிக் கீற, சரின்னா?" என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டான். அந்த ஆள் படித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சேட்டுவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்த முகத்தோடே என் தாடையில் உடைந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். கன்னத்தைத் தடவிக் கொடுப்பது மாதிரித்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். உள்ளே எலும்பு நகர்ந்தது. வாயில் ரத்தம் நிரம்பியது. பல்லைக் கட்டியிருக்கிறதே, துப்பவும் முடியவில்லை, விழுங்கினேன்.

குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பிடித்துவிட்டேன். தூக்கியும் விட்டேன். அவன் முதுகு என் பக்கம், அம்மாவிடம் ஏதோ சொல்லக் குனிந்திருந்தான். மண்டை கண்ணுக்கு நேரே. ஒரே அடி போதும்.

அடிக்கவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்டாண்டைத் தூக்கிய விநாடியில், அன்றைக்கு சடையன் பிடித்தபோது எந்தப் பக்கம் இழுத்தான் என்று திடீரென்று ஒரு கேள்வி. சேட்டு நின்றது எனக்கு முன்னால், வாசல் பக்கம். அடி வாங்க என்னைப் பிடித்துக் கொடுப்பவன் முன்னால் தள்ளுவான். சடையன் என்னைப் பின்னால் இழுத்தான். அடுப்பு மூலைக்கு. அங்கேதான் பின்வாசல். இருபத்து மூன்று நாளாக என் முழங்கைச் சந்தில் அந்த இழுப்பு வலித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் வலிக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. டிப்ளமோ வேறு.

யோசித்து முடிப்பதற்குள் சேட்டு போய்விட்டான். நான் ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து வாங்கி வைத்தது. சாத்துக்குடியை வார்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது.

பஞ்சாட்சரம் அண்ணன் சீட்டைப் படித்தேன். கெட்ட வார்த்தையும் படித்தேன். மற்ற பத்துச் சீட்டையும் படித்தேன். அவற்றைப் பற்றி எழுத எனக்கு வராது. இந்த மாதிரி ஆட்களோடு பேச ஒரு ரேடியோ கிடைத்தது என் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியம், அதை மட்டும் எழுதிவைக்கிறேன். உங்கள் நெஞ்சுக் கொப்புளத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது எனக்கு விழவேண்டியது.

இனி செய்யப் போவது:

1. நாளை புதன்கிழமை, பஞ்சாட்சரம் அண்ணன் வேனோடு வருகிறார். ஸ்டேஷனுக்குப் போய்ப் பதினொரு கேசட்டையும் முழுசாகக் கொடுப்பேன். கூடவே நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதில் சேட்டு செய்தது ஒன்றரைப் பக்கம். மீதி நான் செய்தது.

2. என்னை உள்ளே வைத்தால் ஜாமீனுக்கு யாரும் அலைய வேண்டாம். அதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டும். மங்கம்மாள் டீச்சர் கூப்பிட்டிருக்கிறார். அம்மா வர மறுக்கிறது. நீங்கள் ஒரு தடவை வந்து பேசுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிவிடாதீர்கள்.

3. வெளியே விட்டால் அன்றைக்கே வேலூர். வார்டுக்குப் போவேன். குப்பம்மா அத்தை எதை வீசினாலும் நகரமாட்டேன்.

4. சடையனிடம் எந்தப் பக்கம் இழுத்தாய் என்று கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும். அவன் இடது பக்கம் உட்காராமல் வலது பக்கம் உட்காருவேன், நான்தான் என்று அவனுக்குத் தெரியவேண்டும்.

5. அவன் கையில் என்ன கிடைக்கிறதோ அதால் அவன் என்னை அடித்தால், அடிக்கட்டும். திருப்பி அடிக்கமாட்டேன் என்று இங்கே எழுதப் பார்த்தேன். மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். என் கையை எனக்குத் தெரியும். அதனால், போகும்போது என் இரண்டு கையையும் பின்னால் கட்டிவிடச் சொல்லி பஞ்சாட்சரம் அண்ணனிடம் கேட்கப் போகிறேன்.

தீர்த்தகிரி